ஈமெயில் விலாசம் எழுதமுதல் எந்த நாடு எண்டு கேளுங்கோ

வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடற்கரைக்கு இறங்கிற ஒழுங்கை ஒண்டில என்ர கொம்யூனிக்கேஷன் கடை. வாறவை கூடுதலா வயசானவை. பத்திரத்தை ஸ்கேன் பண்ணி வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு அனுப்பவேணும். விலாசம் கேட்டால் போனை என்னட்ட நீட்டுவினம்: "தம்பி, நீங்களே பேரனோட கதையுங்கோ." வாட்ஸ்அப்பில வாங்கலாமே எண்டு கேப்பியள். அம்மம்மாவிட்ட இருக்கிறது பொத்தான் போன்.

முதல்ல நாட்டைக் கேளுங்கோ. நாங்கள் 'அட்' எண்டு சொல்லுற அந்தச் சுழிச்ச எழுத்துக்கு (@) ஊருக்கு ஊர் பெயர் வேற. ஹொலண்டில அது குட்டிக் குரங்குவால். டென்மார்க்கில தும்பிக்கை. இத்தாலியில 'கியொச்சொலா', நத்தை. நோர்வேயில சுருண்ட அல்ஃபா. பிரான்சில 'அரோபாஸ்', ஸ்பெயின்காரர் பதினொண்டரைக் கிலோ அளவான ஒரு நிறைக்கு வைச்ச பெயரின்ர வழி வந்தது. 1971இல அமெரிக்கக் கணினிப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் இதை மின்னஞ்சலுக்கு எடுத்ததே ஆற்ற பெயரிலயும் வராத குறி எண்டுதான். பேரன் 'அரோபாஸ்' எண்டால் அதை எழுத்துக்கூட்டி அடிச்சுப்போடாதேங்கோ.

குறியை விட எழுத்துகள்தான் ஆளைக் கவிழ்க்கும். பரிஸ் பிள்ளை 'ஈ' எண்டால் அது நாங்கள் இங்கிலீஷில சொல்லுற ஐ (I). 'ஜே' எண்டால் எங்கட ஜி, 'ஜி' எண்டால் எங்கட ஜே. ஜேர்மனியில 'ஏ' எண்டால் எங்கட ஈ, 'யொட்' எண்டால் ஜே. ஒருக்கா ஒரு பரிஸ் பொடியன்ர விலாசம், கேம் விளையாடுற பட்டப்பெயர், ஊகிக்கவும் வழியில்லை. 'ஜி' எண்டான், நானும் ஜி அடிச்சன். கடிதம் திரும்பி வரேல்லை. அந்த விலாசத்திலயும் ஆரோ இருந்திருக்கினம். அம்மம்மாவின்ர பிறப்புச் சான்றிதழ் இப்ப ஆற்ற பெட்டியில கிடக்குதோ!

இப்ப நான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கம்பனியைக் கேக்கிறன்: "கூகிள்ர முதலெழுத்தோ, ஜேபிஎல் ஸ்பீக்கர்ர முதலெழுத்தோ?" "ஈபேயோ, இன்ஸ்டகிராமோ?" நாட்டுப் பெயர் சொல்லிக் கேட்டால் சரிவராது. இங்கிலாந்து பிரெஞ்சில 'ஆங்லெத்தேர்', தொடங்கிறதே வேற எழுத்தில.

பிரெஞ்சில 'புவான்' எண்டால் புள்ளி. 'தீரே' எண்டு மட்டும் சொன்னால் நடுக்கோடு, 'பா' சேர்ந்தால் அடிக்கோடு. இலக்கங்களைத் தமிழில, ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்லுங்கோ. பிரெஞ்சில தொண்ணூற்றிரண்டு எண்டால் 'நாலு இருபது பன்ரண்டு'. பாதி கேட்டவுடன நாலு எண்டு அடிச்சால் துலைஞ்சுது.

கடைசியா, போனை வைக்காமலே வெறும் கடிதம் ஒண்டு அனுப்புங்கோ. பேரன் "வந்திட்டுது" எண்டு சொன்னாப் பிறகு பத்திரத்தை இணைக்கலாம். அதுவரைக்கும் அம்மம்மாவுக்கு ஒரு கதிரை போட்டுவிடுங்கோ.