நம்ம டீம் ஃபார்மில் இல்லை என்று சொல்வதற்கு முன்னால்: ஃபுட்பால் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை விளையாடி முடித்துவிட்டுப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக நின்றால், பேச்சு முந்தின நாள் ராத்திரி மேட்ச்சுக்குத்தான் போகும். "ஏனுங்ண்ணா, அவனை எதுக்கு இன்னும் டீம்ல வெச்சிருக்காங்க?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். யுனைடெட் ரசிகர் ஒருவர் தலையில் கை வைத்து நிற்பார், ஆர்சனல்காரர் ரெஃபரியைத் திட்டுவார், பாலக்காட்டுப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால்) ஆடிப் பழகியவர் எல்லோரையும் விட உரக்கப் பேசுவார். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும், மேட்ச் பார்ப்பதில் பாதி சுகமே மறுநாள் அதைப் பற்றிப் பேசுவதில்தான் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு ஒன்று உறைத்திருக்கிறது. ஃபார்மைப் பற்றியும் வீரர்களைப் பற்றியும் நாம் செய்கிற தப்புகள் வாரா வாரம் அதே தப்புகள்தான், அதனால் நன்றாக ஆடுகிற ஆட்கள் மேல் அநியாயமாகப் பழி விழுகிறது.

பெரும்பாலான தப்புகளுக்கு வேர், கிரிக்கெட் கண்ணோடு ஃபுட்பாலைப் பார்ப்பது. நம்மில் முக்கால்வாசிப் பேர் விளையாட்டு பார்க்கக் கற்றுக்கொண்டதே கிரிக்கெட்டில்தான். அங்கே ஒரு பந்துக்கு ஒரு பவுலர், ஒரு பேட்ஸ்மேன், யார் எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று ஸ்கோர்கார்டைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஃபுட்பாலில் 90 நிமிட ஆட்டத்தில் பந்து ஓடிக்கொண்டிருப்பதே ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, அதிலும் ஒரு வீரரின் காலில் பந்து இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடம் வரும். மிச்ச நேரம் பூராவும் அவர் எங்கே நின்றார், யாரோடு ஓடினார், எந்த வழியை அடைத்தார், யாருக்கு இடம் திறந்துவிட்டார்? கேமரா பந்தோடு போய்விடுகிறது, நம் கண்ணும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. அப்புறம் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்கு மட்டும் மார்க் போட்டுவிட்டு, ஆள் ஃபார்மில் இல்லை என்கிறோம்.

இதை நான் புரிந்துகொண்டது டிவி பார்த்து இல்லை. எங்கள் கூட்டத்தில் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓர டிஃபென்டர், ஆடும் பையன் ஒருத்தன் இருந்தான், காலேஜ் இரண்டாம் வருடம். ஒரு டோர்னமென்ட்டில் அவன் பக்கத்திலிருந்தே மூன்று கோல் வாங்கினோம். முடிந்ததும் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், நானும் சேர்ந்து, கொஞ்சம் கடுமையாகவே, "உன்னால ஓட முடியலன்னா சொல்லு, வேற ஆளைப் போடறோம்" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனான். நாலைந்து நாள் கழித்து யாரோ மாடியிலிருந்து எடுத்த வீடியோ வந்தது, முழு மைதானமும் தெரிகிற மாதிரி. பார்த்தால் மூன்று கோலிலும் அவன் ஒற்றை ஆளாக இரண்டு பேரைச் சமாளித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் ஆட வேண்டிய எங்கள் லெஃப்ட் விங்கர் முன்னாலேயே நின்றுவிட்டார், அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் தாராளமாகப் பின்னாலிருந்து ஓடி வருகிறான். ஒரு கோலுக்கு முன்னால் நடுவில் பந்தைப் பறிகொடுத்தது நான். அந்தப் பையன் அதற்கப்புறம் இரண்டு மாதம் விளையாட வரவே இல்லை, நான் வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டி வந்தேன். கோல் விழும்போது கடைசியில் யார் நிற்கிறாரோ அவர்தான் தப்பு செய்தவர் என்று முடிவு கட்டாதீர்கள். பந்து எங்கே பறிபோனது, அந்த நேரத்தில் யார் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று பாஸ் பின்னால் போய்ப் பாருங்கள். கோல்கீப்பரைத் திட்டுவதற்கு முன்னால் இதை இரண்டு தடவை செய்யுங்கள், ஏனென்றால் அவர் தப்பு ஒன்றுதான் நேராக ஸ்கோரில் போய் ஏறுகிறது.

இதற்கு மறுபக்கம், கோல் அடிக்க முன்னால் நிற்கிற ஸ்ட்ரைக்கரைக் கோல் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது. 2019-20 சீசனில் லிவர்பூல் 99 புள்ளிகளோடு இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கை வென்றது, 30 வருடக் காத்திருப்புக்குப் பிறகு. அந்த அணியின் சென்டர் ஃபார்வர்டு ஃபிர்மினோ லீக்கில் அடித்தது 9 கோல். சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் அந்தச் சீசனின் கடைசி லீக் ஆட்டம் வரைக்கும் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நம் பேக்கரிக் கணக்குப்படி அவரை ஜனவரியிலேயே விற்றிருக்க வேண்டும். ஆனால் அவர் முன்னாலிருந்து இறங்கி வந்து டிஃபென்டர்களை இழுத்ததால்தான் இரண்டு பக்கமும் ஆடிய சலாவுக்கும் மானேவுக்கும் ஓட இடம் கிடைத்தது, அந்தச் சீசனில் லீக்கில் சலா 19, மானே 18. எதிரணி தன் கோல் பக்கத்திலிருந்து பந்தைக் கொண்டு வரும்போது முதலில் போய் நெருக்கியதும் அவர்தான். கோல் வராத ஸ்ட்ரைக்கர் எல்லாம் ஃபிர்மினோ ஆகிவிட மாட்டார், சும்மா நிற்கிறவர்களும் உண்டு. அது வேறு இது வேறு என்று பிரித்துச் சொல்ல முழு மேட்ச் பார்த்திருக்க வேண்டும், கோல் பட்டியல் போதாது.

அடுத்து, கடைசி ஐந்து ஆட்டத்தின் ரிசல்ட்டை வைத்து ஃபார்ம் சொல்வது. நம் பக்கம் பொள்ளாச்சி, உடுமலையில் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும், 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஒரே தடத்தில் வண்டி ஓடும், கடிகாரத்தைப் பார்த்தால் எந்த ஜோடி வேகம் என்று தெரிந்துவிடும். ஃபுட்பாலில் வாரா வாரம் தடம் மாறுகிறது. 2023-24 சீசனிலும் 2024-25 சீசனிலும் கீழ் லீக்கிலிருந்து பிரீமியர் லீக்குக்குப் புதிதாக ஏறி வந்த மூன்று அணிகளுமே அதே சீசனில் திரும்பக் கீழே இறங்கிவிட்டன. அப்படிப்பட்ட அணிகளோடு வரிசையாக மூன்று மேட்ச் ஜெயித்துவிட்டு "இந்த வருசம் கப் நமக்குத்தான்" என்பதும், மேலே இருக்கிற இரண்டு அணிகளிடம் அவர்கள் மைதானத்தில் போய்த் தோற்றதும் "கோச்சை மாத்து" என்பதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள். யாரோடு, எங்கே, எத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு, ரெட் கார்டு வாங்கி எத்தனை நிமிடம் பத்து பேரோடு ஆடினார்கள், இந்த நாலையும் கேட்காமல் ஃபார்ம் பற்றிப் பேசாதீர்கள்.

ஒரே மேட்ச்சை வைத்துத் தீர்ப்பு எழுதுவது அதைவிட மோசம். 2022 நவம்பர் 22 ஞாபகம் இருக்கிறதா? 36 ஆட்டங்கள் தோற்காமல் வந்த அர்ஜென்டினா உலகக் கோப்பையின் முதல் மேட்ச்சிலேயே சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. எங்கள் பக்கம் மெஸ்ஸிக்கு வைத்திருந்த பிளெக்ஸைக் கழற்றச் சொல்லிச் சண்டை. அந்த மேட்ச்சை அக்கறையாகப் பார்த்தவர்களுக்கு வேறு விஷயங்களும் தெரிந்திருக்கும். முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல் ஆஃப்சைடில் (பாஸ் வரும்போதே கடைசி டிஃபென்டரைத் தாண்டி நின்றதால்) போனது, சவுதி டிஃபென்ஸ் அவ்வளவு மேலே வந்து நின்றது, இடைவேளைக்குப் பிறகு ஐந்தாறு நிமிடத்துக்குள் இரண்டு கோல் விழுந்தது. அணி செத்துப்போகவில்லை, சில இடங்களில் ஆள் மாற்ற வேண்டியிருந்தது. கோச் ஸ்கலோனி அதைத்தான் செய்தார், மாக் அலிஸ்டர், என்சோ ஃபெர்னாண்டஸ், ஹூலியன் ஆல்வாரஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான் நிலையாக உள்ளே வந்தார்கள். டிசம்பர் 18 அன்று கோப்பை அவர்கள் கையில்.

யார் ஆடினார்கள் என்று பார்க்கிற அளவுக்கு யார் ஆடவில்லை என்று நாம் பார்ப்பதில்லை. மான்செஸ்டர் சிட்டி தொடர்ந்து நாலு லீக் பட்டம் வென்ற அணி. 2024 செப்டம்பரில் ஆர்சனலோடு ஆடும்போது அவர்களின் மிட்ஃபீல்டர் ரோட்ரிக்கு முழங்கால் போனது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிக்குள் எல்லாப் போட்டிகளும் சேர்த்து 13 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 9 தோல்வி. பேக்கரியில் பழி முழுக்க ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட் மேல், "முன்னாடி மாதிரி அடிக்கறதில்லீங்க" என்று. அவருக்குப் பந்து வந்து சேருவதற்கு முன்னால் இருந்த வேலை நின்றுபோயிருந்தது, பறிபோன பந்தைத் திரும்ப எடுக்கிற ஆள் நடுவில் இல்லை, டிஃபென்ஸிலும் காயங்கள். ரோட்ரி ஒருவர் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அதை விட்டுவிட்டு ஹாலண்டைப் பற்றிப் பேசினால் பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

நமக்கு இதை இங்கிலாந்து போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். சென்னை சிட்டி என்று பெயர் இருந்தாலும் சொந்த மைதானம் நம் ஊர்தான். மினர்வா பஞ்சாபிடம் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, பெட்ரோ மான்சியின் பெனால்டியில் சமன் செய்து, கௌரவ் போராவின் இரண்டு கோலில் 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் பட்டத்துக்குப் போட்டி போட்ட ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, 43க்கு 42 என்று ஒரே புள்ளி வித்தியாசம். மான்சி அந்தச் சீசனில் 21 கோல். அடுத்த சீசனில் அணி அந்த உயரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, "பட்டம் ஜெயிச்சதும் தலைக்கு ஏறிடுச்சு" என்று நம் ஆட்களே பேசினார்கள். நடந்தது என்ன? நெஸ்டர் கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போனார், எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்குப் போனார், 2020 ஜனவரியில் மான்சியே ஜப்பானின் ஆல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போய்விட்டார். இவ்வளவு பேர் போனபின் அதே சட்டை போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து மனசு வைத்து ஆடவில்லை என்று திட்டுவது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. இப்போது அந்த அணியே களத்தில் இல்லை.

கோச் விஷயத்தில் ரசிகர்கள் எப்போதும் தப்பு என்று சொல்ல முடியாது. சென்னையின் எஃப்சி 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன், அடுத்த சீசனில் அதே கோச் ஜான் கிரகரியின் கீழ் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த சீசனில் முதல் 6 ஆட்டத்தில் ஒரே வெற்றி, அவர் விலகினார், 2019 டிசம்பரில் ஓவன் காயில் வந்தார், பெரும்பாலும் அதே வீரர்களை வைத்து ஃபைனல் வரை போனார். ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார். ஃபைனலில் ஏடிகேவிடம் 3-1 தோல்வி, அது வேறு. ஆக, கோச் மாற்றம் வேலை செய்ததுண்டு. தப்பு எங்கே என்றால், கோச் மேல் கோபம் வந்தால் அவர் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் ஆளை மாற்று என்று மட்டும் கத்துவது. இன்னும் முன்னாலேயே நெருக்க வேண்டுமா, நடுவில் ஒரு ஆள் கூட வேண்டுமா, மாற்று ஆட்டக்காரரை 60வது நிமிடத்திலேயே இறக்கியிருக்க வேண்டுமா, அதைச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் இன்னும் ஒரு மேட்ச் பொறுங்கள்.

இப்போது எல்லோர் வாயிலும் எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ்). ஒரு ஷாட் அந்த இடத்திலிருந்து, அந்த நிலைமையில் கோல் ஆக எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அது, பெனால்டிக்கு ஏறக்குறைய 0.77 கொடுப்பார்கள். நல்ல கருவிதான். ஆனால் ஒரு மேட்ச் எக்ஸ்ஜியை நீட்டி "நாமதான் ஜெயிச்சிருக்கணும்" என்று சண்டைக்கு வராதீர்கள். ஒரே ஒரு பெனால்டி அந்தக் கணக்கை ஏற்றிவிடும், இரண்டு கோல் முன்னிலையில் இருக்கிற அணி பின்னால் உட்கார்ந்துகொண்டால் தோற்கிற அணியின் எண் தானாக ஏறும். பத்துப் பன்னிரண்டு ஆட்டம் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்லும்.

மெஸ்ஸியா ரொனால்டோவா என்பதை எல்லாப் பேச்சிலும் கொண்டுவந்து போடுவதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. உங்கள் டீம் லெஃப்ட் பேக்கைப் பற்றிப் பேசும்போது அது வேண்டாம், அவ்வளவுதான்.

ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு வந்து பேசுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சாம்பியன்ஸ் லீக் நமக்கு நள்ளிரவுக்கு மேல், குளிர்காலத்தில் ஒன்றரை மணி. காலையில் ஷிஃப்டுக்குப் போகிற ஆள் எப்படி முழித்திருக்க முடியும்? ஆனால் ஹைலைட்ஸில் இருப்பது கோலும் தவறவிட்ட கோலும் மட்டும்தான். அதை வைத்து கோல் நன்றாக இருந்தது என்று சொல்லலாம், ஒரு மிட்ஃபீல்டர் மோசம் என்று சொல்ல முடியாது. "நான் ஹைலைட்ஸ்தான் பார்த்தேன்ணா, அவன் எப்படி ஆடினான்?" என்று முழுசாகப் பார்த்தவரிடம் கேளுங்கள், பேச்சு அங்கேயே நல்லபடியாகத் திரும்பும்.

சனிக்கிழமை சாயங்கால மேட்ச் நமக்கு வசதியான நேரம், அதில் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் டீமில் உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஆள் ஒருவர் இருப்பார். ஆரம்ப 15 நிமிடம் பந்தை விட்டுவிட்டு, திரையில் தெரிகிற நேரமெல்லாம் அவரை மட்டும் பாருங்கள். பந்து அடுத்த பக்கம் இருக்கும்போது எங்கே நகர்கிறார், பாஸ் வருவதற்கு முன்னால் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறார், பந்து பறிபோனதும் நடக்கிறாரா ஓடுகிறாரா என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு வரும்போது அந்த எண்ணிக்கையோடு வாருங்கள், நான் டீ வாங்கித் தருகிறேன்.