ஜார்ஜ் டவுனை நடந்து பார்க்க ஞாயிறு காலையே ஏற்றது

சென்னையின் ஜார்ஜ் டவுனைப் பார்க்க விரும்புவோர் ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுங்கள். வார நாட்களில் கடைப் பலகைகளும் சரக்கு வண்டிகளும் மறைத்துவிடும் பழைய கட்டட முகப்புகளை, மொத்த வணிகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் அந்த வேளையில்தான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும்.

உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, முதலில் பாரிமுனைக்குச் செல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புனித ஜார்ஜ் கோட்டையை மீட்ட ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு பாயத் தடையில்லாத வெளி வேண்டுமென்று அதனருகே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள்; அவ்வெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களில் எஞ்சிய ஒன்று பாரிமுனையிலுள்ள டேர் ஹவுஸ் என்னும் அலுவலகக் கட்டடத்தின் வளாகத்தில் நிற்கிறது. பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இத்தூணையே இப்பகுதியின் மிக முக்கியமான சான்றாக நான் கருதுகிறேன்.

அடுத்து அரண்மனைக்காரன் தெருவிலுள்ள 1772ஆம் ஆண்டின் ஆர்மேனியத் தேவாலயத்தைப் பாருங்கள். உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான 'அஸ்தராரை' 1794இல் சென்னையில் வெளியிட்ட பாதிரியார் ஷ்மாவோனியானின் கல்லறை இங்குதான் உள்ளது. தேவாலயம் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அருகிலேயே தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677இல் சத்ரபதி சிவாஜி இங்கு வழிபட்டதாகக் கோயில் மரபு கூறுகிறது.