லண்டன் டியூப்: ஃபோனில் வழி பார்க்கப் பழகுங்கள்

லண்டனுக்குப் புதிதாக வருபவர்களிடம் இப்போது யாரும் உட்கார்ந்து வழி சொல்வதில்லை. "ஆப்பில் போட்டுப் பாருங்கள், காட்டும்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆப் காட்டத்தான் செய்யும். ஆனால் நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், எந்த வழியில் சீக்கிரம் போகலாம் என்பதை மட்டும்தான் பார்க்கும். கையில் இரண்டு பெரிய பெட்டி இருப்பதோ, அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதோ, மாதக் கடைசியில் ஒவ்வொரு பவுண்டையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும் என்பதோ அதற்குத் தெரியாது. இதையெல்லாம் சேர்த்து அதனிடம் எப்படிக் கேட்பது, அது சொன்னதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால், வந்த முதல் மாதமே இந்த ஊரில் பயமில்லாமல் நடமாடலாம்.

முதலில் எந்த ஆப் என்று பார்த்துவிடலாம். டியூப் (லண்டனின் சுரங்க ரயில்), பஸ், ஓவர்கிரவுண்ட் (தரைக்கு மேல் ஓடும் நகர ரயில்) எல்லாவற்றையும் நிர்வகிக்கும் டிஎஃப்எல் அமைப்பின் சொந்த ஆப், டிஎஃப்எல் கோ. எந்த லைனில் தாமதம், எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் பழுது என்பதை அதில் பார்ப்பது நல்லது. சிட்டிமேப்பர் லண்டனிலேயே பிறந்த ஆப். ரயிலில் முன்பக்கம் ஏறுவதா, நடுவிலா, பின்பக்கமா, இறங்கியபின் எந்த வாசல் வழியாக வெளியே வருவது என்பது வரை சொல்லும். கூகுள் மேப்ஸ் ஏற்கெனவே உங்கள் ஃபோனில் இருக்கும். நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது, முதல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். வழிக்கு சிட்டிமேப்பர், லைன் ஓடுகிறதா இல்லையா என்பதற்கு டிஎஃப்எல் கோ.

போகும் இடத்தை டைப் செய்யும்போதே பலர் தவறிவிடுகிறார்கள். நம் ஆட்கள் அதிகம் போகும் பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். "ஹாரோ" என்றால் எந்த ஹாரோ? ஹாரோ ஆன் த ஹில், ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன், சவுத் ஹாரோ, நார்த் ஹாரோ, வெஸ்ட் ஹாரோ எல்லாம் தனித்தனி ஸ்டேஷன்கள், ஒரே லைனில் கூட இல்லை. வெம்பிளி பார்க் ஜூபிலி லைனிலும் மெட்ரோபாலிட்டன் லைனிலும் இருக்கிறது. வெம்பிளி சென்ட்ரல் பேக்கர்லூ லைனில். ஈலிங் என்று தொடங்கும் பெயர்களும் முடியும் பெயர்களும் ஐந்தாறு. எட்ஜ்வேர் வட லண்டனின் ஒரு கோடி. எட்ஜ்வேர் ரோடு நகரத்தின் நடுவில் இருக்கிறது, அதிலும் அந்தப் பெயரில் இரண்டு தனி ஸ்டேஷன்கள். அதனால் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள், போஸ்ட்கோடைப் போடுங்கள். இங்கே போஸ்ட்கோடு என்பது ஒரு தெருவையோ அதில் ஒரு பகுதியையோ சரியாகக் குறித்துவிடும். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், "போஸ்ட்கோடு அனுப்புங்கள்" என்று கேட்பது இங்கே சாதாரணம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

சரி, வழி வந்துவிட்டது. இனி அதைப் படிக்க வேண்டும். லைனின் பெயரையும் நிறத்தையும் பார்த்தவுடன் ஓடிப்போய் ஏறிவிடக் கூடாது. பார்க்க வேண்டியவை மூன்று: எந்த லைன், எந்தத் திசை, அந்த ரயிலின் கடைசி ஸ்டேஷன் எது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் வழி மாறுகிறது.

டூட்டிங்கில் வீடு எடுத்திருக்கிறீர்கள், ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். டூட்டிங் பிராட்வே, ஹைகேட் இரண்டும் கறுப்பு நிற நார்தர்ன் லைனில்தான். மாறவே வேண்டாம், ஒரே ரயில் என்று ஆப் சொல்லும். ஆனால் நார்தர்ன் லைன் ஒரே கோடாகப் போவதில்லை. கென்னிங்டனில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பேங்க் வழியாகவும் ஒன்று சாரிங் கிராஸ் வழியாகவும் போய், கேம்டன் டவுனில் மறுபடி சேர்கிறது. அங்கிருந்து மீண்டும் பிரிந்து ஒரு கிளை எட்ஜ்வேருக்கும், இன்னொன்று ஹை பார்னெட் பக்கமும் போகிறது. ஹைகேட் இருப்பது ஹை பார்னெட் கிளையில். எனவே நடுவில் பேங்க் வழியா, சாரிங் கிராஸ் வழியா என்று கவலைப்பட வேண்டாம். பிளாட்பாரத்தில் தொங்கும் பலகையிலும் ரயிலின் நெற்றியிலும் ஹை பார்னெட் என்றோ மில் ஹில் ஈஸ்ட் என்றோ இருந்தால் ஏறலாம். எட்ஜ்வேர் ரயில் முதலில் வந்துவிட்டாலும் விட வேண்டியதில்லை, ஏறுங்கள். கேம்டன் டவுனில் இறங்கி, ஹை பார்னெட் கிளைக்கான வடக்குத் திசை பிளாட்பாரத்துக்கு நடந்தால் போதும்.

திரும்பி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். டூட்டிங் பிராட்வேக்கு மார்டன் ரயில்தான் வேண்டும். பேட்டர்சீ பவர் ஸ்டேஷன் என்று போட்ட ரயிலில் ஏறிவிட்டால், கென்னிங்டனில் இறங்கி மார்டன் ரயில் பிடியுங்கள். அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம்தான். இப்படி ஒரே பிளாட்பாரத்தில் நாலு எட்டு நடந்து மாறிக்கொள்ளும் இடங்களைத் தெரிந்துவைப்பது பெரிய வசதி. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் போகிறவர்கள் மைல் எண்டில் இறங்கினால், சென்ட்ரல் லைன் எதிரிலேயே வந்து நிற்கும். ஆல்பர்ட்டன் பக்கம் போகிறவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனிலிருந்து பிக்கடில்லி லைனுக்கு மாற பேரன்ஸ் கோர்ட் அப்படிப்பட்ட இடம். ஆப் இன்னொரு வழியில் மூன்று நிமிடம் மிச்சம் என்று காட்டலாம். கையில் குழந்தையோ பெட்டியோ இருந்தால் அந்த மூன்று நிமிடத்தை விட்டுவிடுங்கள்; மாறுவதற்குப் படிக்கட்டும் நீண்ட சுரங்கப்பாதையும் இல்லாத வழியே மேல்.

டியூப் மேப் ஒரு படம், நில வரைபடம் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் மின்சுற்றுப் படம் போல வரைந்தது அது. 1933இல் பயணிகள் கைக்கு வந்தது. கோடுகளை நேராக்கி, ஸ்டேஷன்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரே இடைவெளி கொடுத்தார். எங்கே மாறுவது என்பதை அது அழகாகச் சொல்லும், எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து காவென்ட் கார்டன் சுமார் 260 மீட்டர்தான். கீழே இறங்கி, ரயில் பிடித்து, லிஃப்டுக்கு நின்று மேலே வருவதற்குள் நடந்தே போய்விடலாம். காவென்ட் கார்டனில் லிஃப்ட் வேண்டாம் என்று படியேறினால் 193 படிகள். நகரத்தின் நடுப்பகுதியில் எங்கே போனாலும், ரயில் வழியோடு நடக்கும் நேரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காசு. தனியாக டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. காண்டாக்ட்லெஸ் வங்கி அட்டை, ஃபோன், முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஆய்ஸ்டர் கார்டு, இவற்றில் ஒன்றை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். பெரியவர்களுக்கு எதில் தட்டினாலும் கட்டணம் ஒன்றுதான். வெளிநாட்டு வங்கி அட்டையாக இருந்தால் அந்த வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கக்கூடும். இங்கே கணக்குத் திறக்கும் வரை ஆய்ஸ்டர் நல்லது. ரெயில்கார்டு என்ற ரயில் கட்டணச் சலுகை அட்டை வைத்திருக்கும் மாணவர்களுக்கும் ஆய்ஸ்டர்தான் சரி. ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்லி ரெயில்கார்டை அதில் சேர்த்துவிட்டால், நெரிசல் இல்லாத நேரத்துக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வங்கி அட்டையில் அந்தச் சலுகை கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வங்கி அட்டையும், அதே அட்டையைப் போட்டுவைத்திருக்கும் ஃபோனும் டியூப் கேட்டைப் பொறுத்தவரை இரண்டு வேறு ஆட்கள். காலையில் அட்டையால் உள்ளே போய் ஃபோனால் வெளியே வந்தால், முழுமையடையாத பயணங்கள் இரண்டு என்று கணக்காகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை, திங்கள் முதல் ஞாயிறு வரை இவ்வளவுக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு உண்டு. அதுவும் ஒரே பொருளால் தட்டினால்தான் கூடிக் கணக்காகும். எது வசதியோ அதைத் தேர்ந்துகொண்டு மாற்றாமல் இருங்கள். ஃபோன் என்று முடிவு செய்தால் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்தபின் ஃபோன் அணைந்துபோனால், வெளியே வரும் கேட்டில் தட்ட ஒன்றும் இருக்காது.

நேரமும் கட்டணத்தை மாற்றும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7 வரை நெரிசல் நேரக் கட்டணம். நீங்கள் உள்ளே தட்டும் நேரம்தான் கணக்கு. காலை வேலை அவசரம் இல்லையென்றால் 9.30க்குப் பிறகு புறப்படும்படி ஆப்பில் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய மிச்சம், கட்டணத்துக்காக ஊரைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் நடு நகரமான முதல் மண்டலத்தைத் தவிர்த்துப் போவதில் இருக்கிறது. இல்ஃபோர்டிலிருந்து வெம்பிளி சென்ட்ரலுக்குக் கேட்டால், எலிசபெத் லைனில் நகரத்துக்குள் போய் மாறும் வழியை ஆப் முதலில் காட்டும். ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி, ஓவர்கிரவுண்டின் மில்ட்மே லைனில் வில்லெஸ்டன் ஜங்ஷன் வந்து, அங்கிருந்து வெம்பிளி சென்ட்ரல் போனால் நேரம் கூடும், கட்டணம் குறையும். ஆனால் நீங்கள் சுற்றிப் போனது கேட்டுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் மாறும் ஸ்டேஷன்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கருவி நிற்கிறது. வழியில் அதைப் பார்த்தால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போங்கள். தினமும் ஒரே வழியில் வேலைக்குப் போகிறவர்கள், டிஎஃப்எல் தளத்தில் கட்டணம் பார்க்கும் பக்கத்தில் இரண்டு ஸ்டேஷன்களையும் போட்டு எல்லா வழிகளின் விலையையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

சனி, ஞாயிறு வேறு உலகம். தண்டவாள வேலைக்காக ஏதாவது ஒரு லைன் முழுதாகவோ பாதியாகவோ மூடியிருப்பது சகஜம். கோயில், கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் வார இறுதியில்தான் என்பதால் நம் குடும்பங்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. வெள்ளிக்கிழமை இரவே டிஎஃப்எல் கோ ஆப்பில் போகும் தேதியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை போய்வருவதிலும் பயனில்லை. செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ என்றால் ஆப்பில் செவ்வாயைப் போட்டு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கொடுத்துக் கேளுங்கள்.

இரவில் திரும்பும் வழியை, போகும்போதே பார்க்க வேண்டும். வெள்ளி, சனி இரவுகளில் டியூபில் விடிய விடிய ஓடுவது சென்ட்ரல், ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி, விக்டோரியா ஆகிய ஐந்து லைன்கள்தான், அவையும் எல்லாக் கிளைகளிலும் ஓடாது. ஈஸ்ட் ஹாம் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் அந்தப் பட்டியலில் இல்லை. கடைசி ரயிலை விட்டால் இரவு பஸ்தான். டிசம்பர் 25 அன்று ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது படியில்லாத வழி என்பதைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். டியூபில் மொத்தம் 272 ஸ்டேஷன்கள். 1863இல் தொடங்கிய ரயில் என்பதால் பலவற்றில் இன்றும் லிஃப்ட் இல்லை. புறப்படும் முன் லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை, 11 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவரோடு வந்தால் டியூபில் இலவசம்; அகலமான கேட் வழியாகச் சேர்ந்து போகலாம்.

சுரங்கத்துக்குள் எல்லா இடத்திலும் இன்னும் சிக்னல் கிடைப்பதில்லை. இறங்கும் முன் வழியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். வெளியே வந்தபின் எந்தப் பக்கம் நடப்பது என்பதையும் கேட்டுக்குள் இருக்கும்போதே பாருங்கள். ஸ்டேஷன் வாசலில் ஃபோனை நீட்டிப் பிடித்து நிற்பவர்களிடம் சைக்கிளில் வந்து பறித்துக்கொண்டு போவது லண்டனில் அடிக்கடி நடக்கிறது. அப்படியும் வழி குழம்பினால் கேட் அருகே சீருடையில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, ஃபோன் திரையைக் காட்டினாலே பிளாட்பாரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

டிஎஃப்எல் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் வங்கி அட்டையையோ ஆய்ஸ்டரையோ அதில் பதிந்துவிடுங்கள். எங்கே தட்டினீர்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்பது பயணம் பயணமாகத் தெரியும். வெளியே தட்ட மறந்து அதிகம் பிடித்திருந்தால் அங்கேயே திருத்திக் கேட்கலாம். டியூபில் அவர்கள் பக்கத் தவறால் 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால், 28 நாளுக்குள் விண்ணப்பித்து அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். முதல் சில வாரங்களுக்கு ஞாயிறு இரவு ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.