மாலை வகுப்பில் மனித உருவம் வரையக் கற்றல்

பகல் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஓவியம் கற்கப் போகிறவர், தாம் கட்டும் கட்டணம் எதற்காக என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எலும்புகளின் அமைப்பைப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே படிக்கலாம். ஒளியும் நிழலும் ஒரு பொருளின்மேல் விழும் விதத்தை, மேசையில் ஒரு முட்டையை வைத்துப் பக்கத்தில் விளக்கைப் போட்டுப் பழகலாம். வண்ணம் கலப்பதை ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் உட்கார்ந்து செய்யலாம். ஆனால் இரண்டரை மணி நேரம் நம் முன்னால் அசையாமல் நிற்கும் உயிருள்ள உடல் வகுப்பறையில் மட்டுமே கிடைக்கும். லண்டனில் ஆறு ஆண்டுகளாக இத்தகைய வகுப்புகளுக்குப் போய்வரும் நான் கீழே எழுதுவதெல்லாம், அந்த நேரத்தை வீணடிக்காமல் இருப்பதற்கான வழிகளே.

இந்த வகுப்புகளை ஆங்கிலத்தில் ‘அடல்ட் எஜுகேஷன்’ என்பார்கள். ‘முதியோர் கல்வி’ என்று தமிழாக்கினால் நம்மவர் நினைவுக்கு அறிவொளி இயக்கமும் அரிக்கேன் விளக்கும் வந்துவிடும் என்பதால், மாலை வகுப்பு என்றே சொல்கிறேன். லண்டனில் இது பழைய வழக்கம். 1854இல் தொடங்கப்பட்ட வொர்க்கிங் மென்ஸ் காலேஜில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் ஓவியர் டான்டே கேப்ரியல் ரொசெட்டியும் உழைப்பாளிகளுக்கு ஓவியம் கற்பித்தார்கள். அக்கல்லூரி இன்றும் காம்டனில் நடக்கிறது. கோவென்ட் கார்டனை அடுத்துள்ள சிட்டி லிட் கல்லூரி 1919இல் தொடங்கியது. இவை தவிர, நகராட்சிகள் நடத்தும் வகுப்புகளும் பல உள்ளன.

வழக்கமாகச் செப்டம்பர், ஜனவரி, ஏப்ரல் என்று ஆண்டுக்கு மூன்று பருவங்களாகவும், பருவத்துக்குப் பத்து அல்லது பன்னிரண்டு வாரங்களாகவும் வகுப்புகள் அமையும். சேர்வதற்கு முன் அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எல்லா வாரமும் மாடல் வருவாரா? வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? ஒரே நிலையில் பல வாரங்கள் வரையும் பயிற்சி உண்டா? ‘உருவ ஓவியம்’ என்று தலைப்பிட்டுவிட்டு, பாதிப் பருவத்தைப் புகைப்படங்களைக் கொண்டு ஓட்டும் வகுப்புகளும் இருக்கின்றன. பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் பின்வரிசையில் இருப்பவர் மாடலை அல்ல, முன்னால் இருப்பவரின் முதுகைத்தான் வரைய நேரும். ஆசிரியர் இல்லாமல் மாடலை மட்டும் அமர்த்தி நடத்தும் அமர்வுகள் மலிவானவை. ஆனால் குறைந்தது ஒரு பருவமாவது ஆசிரியரிடம் பயின்ற பிறகே அங்கே போவது பயன் தரும்.

நம்மவர் பலரையும் வாசலிலேயே தயங்க வைப்பது மாடல் ஆடையின்றி நிற்பார் என்ற செய்தி. இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. லண்டன் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் பெண் மாணவர்கள் ஆடை களைந்த மாடலைப் பார்த்து வரைய 1893 வரை காத்திருந்தார்கள். அப்போதும் ஆண் மாடல் இடுப்பில் துணி சுற்றியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. என் அனுபவத்தில் கூச்சம் முதல் ஐந்து நிமிடத்துக்குமேல் தாங்குவதில்லை; அதற்குள் தோளின் சாய்வும் முழங்காலின் இடமும் பிடிபடாத எரிச்சல் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வகுப்பின் ஒழுக்கங்கள் எளியவை. கைபேசியைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். படம் எடுக்கவே கூடாது. மாடலைத் தொடக் கூடாது. நிலையை மாற்றச் சொல்ல வேண்டுமானால் ஆசிரியர் வழியாகச் சொல்ல வேண்டும். அவருடைய உடலைப் பற்றி, புகழ்ச்சியாகக்கூட, எதுவும் பேசக் கூடாது. வகுப்பு முடிந்ததும் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போவது நல்லது. இருபது நிமிடம் கையை உயர்த்தி நிற்பது எவ்வளவு கடினம் என்பதை வீட்டில் இரண்டு நிமிடம் நின்று பார்த்தால் தெரியும்.

முதல் பருவத்துக்கு வண்ணம் வேண்டாம். மெல்லிய வில்லோ கரிக்குச்சி ஒரு பெட்டி, பிசைந்து உருமாற்றக்கூடிய அழிப்பான், ஏ2 அல்லது ஏ1 அளவில் மலிவான தாள், அதைப் பலகையோடு பிடித்து வைக்க நான்கு கிளிப்புகள், கை துடைக்கப் பழைய துணி ஆகியவை போதும். தாள் மலிவாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விலையுயர்ந்த தாளின் முன் கை நடுங்கும். நடுங்கும் கை சின்னதாக வரையும். கரிக்குச்சியைப் பேனாவைப் போலப் பிடிக்காமல், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே கிடையாக வைத்து, கோட்டைத் தோளிலிருந்து இழுக்கப் பழக வேண்டும்.

இடம் பிடிப்பதும் ஒரு கலை. நின்று வரைய ஈசல்கள், அதாவது பலகையைத் தாங்கும் முக்காலிச் சட்டங்கள், இருக்கும். உட்கார்ந்து வரைய, முன்பக்கம் பலகையைச் சாய்த்து வைக்கக்கூடிய நீண்ட மரப்பெட்டிகள் இருக்கும். குதிரையில் ஏறுவது போல இருபுறமும் காலைப் போட்டு உட்கார வேண்டும் என்பதாலோ என்னவோ, அவற்றை இங்கே ‘டாங்க்கி’ (கழுதை) என்பார்கள். முடிந்தவரை ஈசலில் நின்றே வரையுங்கள்; நின்றால்தான் பின்னால் மூன்றடி விலகி, படத்தையும் மாடலையும் ஒரே பார்வையில் ஒப்பிட முடியும்.

நான் முதல் நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்று ஒரு மூலைக் கழுதையில் ஏறி உட்கார்ந்தேன். மாடல் படுத்தபோது அவருடைய பாதங்கள் நேராக என்னைப் பார்த்து நீண்டிருந்தன. தாளில் நான் தலையிலிருந்து பாதம்வரை நீளமான ஒரு மனிதரை வரைந்து முடித்த பிறகு ஆசிரியர் வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், என் கையில் பென்சிலைக் கொடுத்து அளக்கச் செய்தார். என் இடத்திலிருந்து பார்க்கையில் ஒரு பாதத்தின் உயரம், முழங்காலிலிருந்து கழுத்துவரை உள்ள எல்லாவற்றின் உயரத்துக்கும் சமமாக இருந்தது. தலையோ கால் கட்டைவிரலுக்குப் பின்னால் பாதி மறைந்து ஓர் எலுமிச்சம்பழ அளவில் தெரிந்தது. கண் எதிரே இருந்ததை விட்டுவிட்டு, படுத்த மனிதர் நீளமாக இருப்பார் என்று எனக்குத் தெரிந்ததை வரைந்திருந்தேன்.

வகுப்பு பெரும்பாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்ற குறுகிய நிலைகளில் தொடங்கும். புதியவர்கள் இதைக் கை சுறுசுறுப்பாகும் பயிற்சி என்று நினைத்து அலட்சியமாகக் கிறுக்குவார்கள். இங்கேதான் கவனம் மிகுதியாக வேண்டும். ஒரு நிமிடத்தில் கண், மூக்கு, விரல் எதற்கும் இடமில்லை. தலையிலிருந்து பாரம் தாங்கும் பாதம்வரை ஓடும் ஒரே வளைவு, தோள்களின் சாய்வு, இடுப்பின் சாய்வு ஆகிய மூன்றையும் தாளில் போட்டுவிட்டால் அந்த நிமிடம் பயன்பட்டது. ஒருவர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும். அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். திரிபங்கமாக, உடல் மூன்று இடங்களில் வளைய, நிற்கும் நம் செப்புத் திருமேனிகளில் இதை எத்தனையோ முறை பார்த்திருப்போம். கரிக்குச்சியைப் பிடித்ததும் மட்டும் இரண்டு கோடுகளையும் கிடையாகப் போட்டுவிடுகிறோம்.

இருபது நிமிட நிலை வந்ததும் அளக்கத் தொடங்க வேண்டும். பென்சிலைப் பிடித்து, முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியை மாடலின் உச்சந்தலையிலும் கட்டைவிரல் நகத்தை மோவாயிலும் பொருத்துங்கள். அந்த நீளம் ஒரு தலை. அதைக் கொண்டு, மோவாயிலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள் என்று இறங்கி எத்தனை தலை வருகிறது என்று எண்ணுங்கள். முழங்கை சிறிது மடங்கினாலும் கணக்கு தப்பும். நிற்கும் மனிதரின் உயரம் பெரும்பாலும் ஏழு அல்லது ஏழரைத் தலை இருக்கும். உயரத்தின் நடுப்புள்ளி தொப்புளுக்குக் கீழே, கால்கள் பிரியும் இடத்தருகே வரும். நம் சிற்ப மரபிலும் தாளம் என்ற அளவு உண்டு; உத்தம தசதாளத்தில் திருமேனியின் உயரத்தை 124 பங்காகப் பிரிப்பார்கள். ஆனால் சிற்பி அளவிலிருந்து உருவத்துக்குப் போகிறார். மாலை வகுப்பில் நிற்பவர் உருவத்திலிருந்து அளவுக்குப் போக வேண்டும். ஏழரை என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு வரைந்தால், எதிரே நிற்கும் ஆறரைத் தலை மனிதர் தாளில் வரவே மாட்டார்.

அளவுக்கு அடுத்தது செங்குத்து. கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல, ஒரு நூலில் சாவியைக் கட்டிக் கையில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்பவரின் கழுத்துக்குழியில் நூலைப் பொருத்தினால், அது அந்தக் காலின் கணுக்காலருகே வந்து விழும். உங்கள் படத்தில் அப்படி விழாவிட்டால் மாடல் எந்த நேரமும் சரிந்து விழப் போகிறவர் போலத் தெரிவார். அந்தக் குறையை எவ்வளவு நல்ல நிழலாலும் மறைக்க முடியாது.

நிழலுக்குக் கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, ஒளிபட்ட பகுதி, படாத பகுதி என்று உடல் இரண்டாகப் பிரியும். நிழற்பகுதி முழுவதையும் முதலில் ஒரே சீரான சாம்பலாக நிரப்பிவிடுங்கள். நிழலுக்குள் தரையிலிருந்தும் துணியிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சம் புதியவரின் கண்ணை ஈர்க்கும்; ஆனால் அது எவ்வளவு பளிச்சென்று தோன்றினாலும், ஒளிப்பகுதியின் மிகக் கருத்த இடத்தைவிடக் கருமையாகவே இருக்க வேண்டும். இதை மீறினால் தொடை தகரம் போல மினுங்கும்.

இரண்டாம் பருவத்தில் எண்ணெய் வண்ணத்துக்குப் போகலாம். இங்கே நீண்ட நிலைகள் வரும். ஒரே மாடல் மூன்று நான்கு வாரம் அதே நிலையில் நிற்பார், அல்லது அமர்வார். பாதங்களும் கைகளும் இருந்த இடத்தை ஆசிரியர் மாஸ்கிங் டேப்பால் தரையிலும் நாற்காலியிலும் குறித்து வைப்பார். உங்கள் ஈசலின் மூன்று கால்களையும் அதே போலக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள். ஓர் அடி தள்ளி நின்றால் அடுத்த வாரம் மூக்கு கன்னத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

வண்ணக் குழாய்களை அள்ளிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் பெயரால் வழங்கும் நால்வண்ண முறை தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது: மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் அல்லது காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு, வெள்ளை. நீலம் இல்லையே என்று தோன்றும். ஐவரி கறுப்போடு வெள்ளையைக் கலந்து ஒரு செம்மைப் பூச்சின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது நீலமாகவே தெரியும். கடைகளில் ‘தோல் நிறம்’ என்று விற்கும் இளஞ்சிவப்புக் குழாயை வாங்கவே வேண்டாம். அது எந்த மனிதரின் நிறமும் அன்று, நம் நிறம் நிச்சயமாக அன்று. நம்மைப் போன்ற கருமை கலந்த மாநிறத்துக்கு இந்த நான்கோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற நீலமும் சேர்த்தால் போதும். கருத்த தோலில் ஒளி விழும் இடம் வெள்ளையால் மட்டும் வருவதில்லை. நெற்றியிலும் தோளிலும் வானத்தின் குளிர்ந்த நீலச் சாயல் படியும். வெள்ளையை மட்டும் கலந்தால் உடல் சுண்ணாம்பு பூசியது போலாகும்.

நேராக வெள்ளைக் கேன்வாஸில் தொடங்காமல், மெலிதாகக் கரைத்த அம்பர் பழுப்பைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ஒளிப்பகுதிகளைத் துணியால் துடைத்தெடுங்கள். கரியில் கற்ற பாடம் இங்கே அப்படியே உதவும். மேலே பூசப்படும் ஒவ்வோர் அடுக்கிலும் எண்ணெய் சிறிது கூடுதலாக இருக்கட்டும். மாறிப்போனால், அடியில் இருப்பது காய்வதற்கு முன் மேற்பூச்சு இறுகிப் பின்னர் வெடிக்கும். டர்பன்டைனைப் பல கல்லூரிகள் அனுமதிப்பதில்லை. மணமற்ற கரைப்பானையே கேட்பார்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. அவற்றுக்கென மூடியுள்ள உலோகத் தொட்டி அறையில் இருக்கும்.

வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வரைந்தால் கை மறந்துவிடும். இடைப்பட்ட நாள்களில் அருங்காட்சியகங்களில் உள்ள சிலைகள் அசையாத மாடல்களாக உதவும். பிரிட்டிஷ் மியூசியத்தின் 33ஆம் அறையில் இலங்கையின் கிழக்குக் கரையில் கண்டெடுக்கப்பட்ட 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தப் பெண்தெய்வம் தாரா நிற்கிறாள். 143 செ.மீ. உயரமுள்ள பொன்முலாம் பூசிய வெண்கலம். இடை மெல்ல ஒடிந்து நிற்கும் அந்த உருவத்தை ஒரே மாலையில் மூன்று பக்கங்களிலிருந்து வரைந்தால், இடுப்பும் தோளும் எதிரெதிராகச் சாயும் கணக்கு பிடிபடும். வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருப்பதால் வேலை முடிந்தும் போகலாம். பென்சிலும் சிறிய ஏடும் போதும்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதியையும், எத்தனை நிமிடத்தில் வரைந்தது என்பதையும் எழுதி வையுங்கள். பருவ முடிவில் ஆசிரியர் எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொல்லும்போது, ஒரே பிழை எத்தனை வாரம் தொடர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். எனக்கு அது இடக்கை மணிக்கட்டு; பத்து வாரமும் அதைத் துணிக்குப் பின்னால் மறைத்தே வந்திருக்கிறேன்.

ஈரமான கேன்வாஸை வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அதே அளவுள்ள வெறும் பலகை ஒன்றை எடுத்து, நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளை வைத்து, படத்தின் முகம் பலகையைப் பார்க்கும்படி சேர்த்து நூலால் இறுகக் கட்டுங்கள். மாலை நெரிசலில் அண்டர்கிரவுண்ட் ரயிலில் ஏறும்போது உங்கள் மாடலின் தோள், பக்கத்தில் நிற்பவரின் கோட்டில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்கும்.