‘கிளா’ என்று எழுதும்போது எங்கெல்லாம் தப்பு வருகிறது?

ஒருவர் தன் விரல் நகத்தை வெட்டிக்கொண்டதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கிளா’ (claw) என்று போட்டால், படிப்பவர் மனதில் கரடியின் கைதான் வந்து நிற்கும். தமிழில் நகம் என்று சொன்னால் போதும், மனிதர், பூனை, கழுகு எல்லாருக்கும் அது பொருந்திவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. தட்டையாக விரல் நுனியை மூடியிருந்தால் அது நெய்ல். வளைந்து, கூராகி, பற்றவும் கிழிக்கவும் மரம் ஏறவும் உதவினால் அது கிளா. இரண்டும் கெரட்டின் என்ற ஒரே பொருளால் ஆனவைதான், ஆனால் வடிவமும் வேலையும் வேறு. அதனால் மனிதருக்கும் பெரும்பாலான குரங்குகளுக்கும் நெய்ல்; பூனை, புலி, கரடி, பல்லி, கோழிக்கெல்லாம் கிளா. நாயிடம் மட்டும் கொஞ்சம் குழப்பம் உண்டு. உடலமைப்பின்படி அதற்கு இருப்பதும் கிளாதான், ஆனால் நாய் வளர்ப்பவர்கள் பேச்சில் நெய்ல் என்றே சொல்கிறார்கள், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

அடுத்தது டேலன். கழுகு, பருந்து, ஆந்தை மாதிரி இரையைக் காலால் பிடித்துக் கொல்லும் பறவைகளின் நகத்துக்கு உள்ள சொல் இது. எல்லா டேலனும் கிளாதான், ஆனால் எல்லா கிளாவும் டேலன் ஆகிவிடாது. கதைக்கு வேகம் கூடும் என்று பூனைக்கும் சேவலுக்கும் டேலன் போடுகிறவர்கள் நிறைய, தயவுசெய்து வேண்டாம்.

பா (paw) என்ற சொல்லையும் கிளாவையும் மாற்றிப் போடுவது இன்னொரு தப்பு. பா என்பது மெத்தென்ற அடிப்பகுதி உட்பட முழுப் பாதம், அதன் நுனியில் இருப்பது கிளா. ஈர மண்ணில் பூனை நடந்த தடத்தைப் பாருங்கள், பாதத்தின் பதிவு மட்டும் இருக்கும், நகத்தின் குத்து இருக்காது. நடக்கும்போது பூனை நகங்களை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், நாயால் அது முடியாது, அதனால் நாயின் தடத்தில் விரல்களுக்கு முன்னால் சின்னச் சின்னப் புள்ளிகள் விழும். ஆகவே பூனை உங்கள் மடியில் மெதுவாக வைப்பது பா, சோபாவைக் கிழிப்பது கிளா. மாடு, குதிரைக்கு இருப்பது குளம்பு, அதற்கு ஹூஃப் என்று தனிச்சொல் இருக்கிறது.

தேள் விஷயத்தில் கவனமாக இருங்கள். தமிழில் தேளின் கொடுக்கு என்றால் வாலில் இருக்கும் விஷ முள், ஆனால் நண்டின் கொடுக்கு என்றால் முன்னால் இருக்கும் இடுக்கி. ஆங்கிலத்தில் கிளா என்பது இடுக்கிக்கு மட்டும்தான், நண்டானாலும் தேளானாலும். தேள் ‘கிளா’வால் கொட்டியது என்று எழுதினால் அது இடுக்கியால் கொட்டியதாக ஆகிவிடும், வால் முள்ளுக்கு ஸ்டிங் அல்லது ஸ்டிங்கர்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு டீகிளா என்ற சொல்லில்தான் வருகிறது. பூனைக்கு நகம் வெட்டிவிடுவது என்று நினைத்துப் பலர் இதை எழுதுகிறார்கள். அதற்குச் சொல் ட்ரிம், நுனியை மட்டும் கத்தரிப்பது. டீகிளா என்றால் ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே அறுத்து எடுக்கும் அறுவை சிகிச்சை, நகம் அந்த எலும்பிலிருந்துதான் வளர்கிறது. பல நாடுகளில் இதற்குத் தடை இருக்கிறது, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-இல் தடை செய்தது. மருத்துவரிடம் பேசும்போது இந்த இரண்டு சொற்களையும் மாற்றிச் சொல்லவே கூடாது.

வினையாக வரும்போது கிளா என்பது பிறாண்டுவது. அரிப்புக்குச் சொறிந்துகொள்வதற்கு ஸ்க்ராட்ச்தான் சரி. பூனை கதவைத் திறக்கச் சொல்லி விடாமல் பிறாண்டினால் கிளாவுக்குப் பின் ‘அட்’ சேர்க்க வேண்டும், எட்டிப் பிடிக்க முயல்கிறது என்ற பொருள் அதில்தான் வருகிறது.

அப்புறம் உச்சரிப்பு. கடைசியில் இருக்கும் டபிள்யூவைப் பார்த்துக் கிளவ் என்று சொல்கிறார்கள், அது ஒலிக்காது. சட்டத்தைக் குறிக்கும் லா மாதிரிதான். கிளாவின் பன்மையும் (claws), ஒப்பந்த விதியைக் குறிக்கும் கிளாஸும் (clause) காதுக்கு ஒரே ஒலி, எழுத்து மட்டும் வேறு. இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கொடுத்த போனஸைத் திரும்ப வாங்கிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை தரும் விதிக்குக் கிளாபேக் கிளாஸ் என்று பெயர், அங்கே முதல் சொல்லில்தான் நகம் இருக்கிறது, இரண்டாவதிலும் அதே எழுத்துகளைப் போட்டுவிடாதீர்கள்.