பாலக்காட்டு எல்லையில் யூபி பள்ளி: பாடமும் கலையும் சேரும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன்

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து வேலை மாறி சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு என்று குடிவரும் வீட்டில் 5 முதல் 7-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை இருந்தால், இது உங்களுக்குத்தான். கேரளத்தில் இந்த மூன்று வகுப்புகளும் சேர்ந்தது அப்பர் பிரைமரி, ஊர்ப்பேச்சில் யூபி. வந்த புதிதில் பல பெற்றோர் எடுக்கும் முதல் முடிவு, "இந்த வருசம் பாட்டு, படமெல்லாம் வேண்டாம், மலையாளத்துக்கும் ஹிந்திக்கும் டியூஷன் போகட்டும்" என்பது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மொழி தெரியாமல் வந்த பிள்ளை வாய் திறப்பதும் கூட்டாளி பிடிப்பதும் இங்கே பெரும்பாலும் கலை பீரியடில்தான். பாடமும் அங்கேயே நிறைய நடக்கிறது.

முதலில் காகித வேலை. பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறக்கும். ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் டிவிஷனும் (வகுப்புப் பிரிவு) ஆசிரியர் பணியிடமும் முடிவாகும். ஆகவே அதற்குள் சேர்த்துவிடுவது பள்ளிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கும்போது அதில் பிள்ளையின் 11 இலக்க பென் எண் (நிரந்தரக் கல்வி எண்) இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, யூடைஸ் என்ற பள்ளி விவரத் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி 'டிராப்பாக்ஸ்' பகுதிக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். டிசி கையில் இருந்தும் பெயர் ஏறாமல் மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த ஒரு வேலை நடக்காததால்தான். டிசி தாமதமானாலும் 8-ஆம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் தமிழ்வழி டிவிஷன்களும் உண்டு. கேரள எஸ்சிஇஆர்டி பாடப்புத்தகங்களும் தமிழில் கிடைக்கின்றன. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலையாளம் கட்டாயம். அது போக, ஹிந்தி இங்கே 5-ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் ஹிந்தி எழுத்தையே பார்க்காத பிள்ளை நேராக 7-இல் சேர்ந்தால், இரண்டு வருசப் பாடத்தைத் தாண்டி உட்கார்கிறது என்று அர்த்தம். இதைச் சேர்க்கும் நாளிலேயே வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். (ஆண் ஆசிரியர் என்றால் இங்கே 'மாஷ்'.)

கலை விஷயத்தில் ஹெச்எம்மிடம் கேட்க வேண்டியது வேறு. யூபியில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, வேலைக் கல்வி மூன்றுக்கும் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. நடைமுறையில், சமக்ர சிக்ஷா என்ற அரசுக் கல்வித் திட்டம் வழியாக வரும் ஸ்பெஷலிஸ்ட் டீச்சர் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைப் பார்த்துக்கொள்வதுண்டு. அதனால் "கலை டீச்சர் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தெந்தக் கிழமை வருகிறார், டைம்டேபிளில் அந்த பீரியட் எழுதியிருக்கிறதா, பரீட்சை நெருங்கினால் அது கணக்குக்குப் போய்விடுமா என்று கேளுங்கள். வகுப்புச் சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். முப்பது படமும் ஒரே வீடு, ஒரே மலை, ஒரே சூரியன் என்றிருந்தால் அங்கே நடப்பது போர்டைப் பார்த்து வரைவது மட்டும்தான்.

பாடமும் கலையும் சேர்வது என்றால், கணக்கு நோட்டில் பூ வரைவதோ பாடத்தை மெட்டுப்போட்டுப் பாடுவதோ இல்லை. கலையின் உள்ளேயே அந்தப் பாடம் இருக்க வேண்டும். கேரளக் கோயில்களில் செண்டை முழங்கும் பஞ்சாரி மேளம் நல்ல உதாரணம். அதன் ஐந்து காலங்களில் (வேகக் கட்டங்களில்) ஒரு சுற்றுக்கான தட்டு எண்ணிக்கை 96, 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறையும். வினாடிக்கு ஒரு தட்டு என்று வைத்துக் கைதட்டினால் முதல் சுற்று 1 நிமிடம் 36 வினாடி, கடைசிச் சுற்று 6 வினாடி. பாதியாக்கல், மடங்கு, அடுக்கு (96 என்பது 6 பெருக்கல் 2-இன் 4-ஆம் அடுக்கு) எல்லாம் கைக்கே வந்துவிடும். இதை 96-இல் தொடங்கினால் பாதியில் எண்ணிக்கை தவறி வகுப்பு கலைந்துவிடும். 6-இல் தொடங்கி மேலே ஏற வேண்டும். நிஜ மேளத்தில் வேகமும் ஏறும் என்பதால் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைக்கும்போதே தட்டையும் விரைவாக்கிவிடுவார்கள். அப்போது எது பாதியானது என்பது தெரியாது. ஒரே ஒரு பிள்ளை மேசையில் சீராகத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த மாவட்டம் தரும் பெரிய வாய்ப்பு தோல்பாவைக் கூத்து. பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடத்தில் (கூத்துக்கான மேடைக் கட்டடம்), திரைக்குப் பின்னால் 21 விளக்கு ஏற்றி நடத்தும் இந்தக் கூத்துக்கு ஆதாரம் கம்பராமாயணம். பாவை ஆட்டுகிறவரைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். அவர் சொல்லும் பாட்டு கம்பனின் தமிழ்ப் பாட்டு, விளக்கத்தில் மலையாளமும் கலந்து வரும். வகுப்பில் இதை எடுத்தால் பாட்டின் பொருளை மற்றவர்களுக்குச் சொல்லித் தரக்கூடியவர் உங்கள் பிள்ளைதான். மலையாளத்தில் திக்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. டீச்சருக்குத் தோன்றாவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

செய்முறை சுலபம். திரைக்கு ஒரு வெள்ளைப் பருத்தி வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பாவைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையோ அட்டைப்பெட்டியோ போதும். 20 சென்டிமீட்டர் உயரம் கைக்கு அடங்கும். கழுத்தையும் மணிக்கட்டையும் மெலிதாக வெட்டினால் இரண்டாம் நாளே மடங்கிவிடும், ஒரு விரல் அகலமாவது விடுங்கள். நகையும் உடையும் தெரிவது துளைகளால்தான், அதனால் வண்ணம் தீட்டி நேரம் போக்க வேண்டாம். ஒரு கை மட்டும் அசைந்தால் போதும்: தோளில் துளையிட்டு நூலை இருபக்கமும் முடிச்சிடுங்கள், இறுக்கி முடிந்தால் கை நின்றுவிடும். பிடிக்க ஈர்க்குச்சி வைத்தால் வளையும். மூங்கில் குச்சி வேண்டும்.

அடுத்தது 7-ஆம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. ஒற்றை பல்பைத் திரையிலிருந்து 100 சென்டிமீட்டரில் வையுங்கள். பல்பிலிருந்து 80 சென்டிமீட்டரில் பாவையைப் பிடித்தால் நிழல் 25 சென்டிமீட்டர். 50-இல் பிடித்தால் 40. பிள்ளைகள் முதலில் ஊகித்து எழுதி, பிறகு ஸ்கேலால் அளந்து, இரண்டும் ஏன் வேறுபட்டன என்று பேச வேண்டும். டியூப்லைட் வைத்தால் நிழலின் ஓரம் மங்கிப்போகும், ஒளி வரும் இடமே நீளமாக இருப்பதால். பல விளக்கு வைத்து, பாவையைத் திரையைவிட்டு விலக்கிப் பிடித்தால் விளக்குக்கு ஒன்றாக நிழல் சிதறும். கூத்துமாடத்தில் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடிப்பதற்கு இந்த அறிவியலே போதுமான காரணம். இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க விடுங்கள், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டில்தான் இது கெட்டுப்போகிறது. பாவையை அப்பா வெட்டித் தருகிறார், சார்ட்டை அக்கா எழுதுகிறார், தெர்மாகோல் மாடல் ஸ்டேஷனரி கடையிலிருந்து வருகிறது. டீச்சருக்குப் பார்வையிலேயே தெரிந்துவிடும். மதிப்பிட வேண்டியது பிள்ளையின் நோட்டில் இருக்கும் முதல் வரைவு, தப்பிய அளவு, திருத்திய காரணம். அழகான மாடலில் இவை எதுவும் இருக்காது. கோணல்மாணலான பாவையோடு பிள்ளையை அனுப்பிவையுங்கள்.

சிபிஎஸ்இ பள்ளி என்றால் ஒரு விவரம் கூடுதல். 2020-21 முதல் 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை கலை இணைந்த ப்ராஜெக்ட் கட்டாயம். ப்ராஜெக்ட்டுக்கு ஜோடி மாநிலத்தின் கலையை எடுக்கும் மாநில ஜோடித் திட்டத்தில் கேரளத்துக்கு ஹிமாச்சலப் பிரதேசம். கோவையில் படிக்கும் சித்தப்பா மகனின் ப்ராஜெக்ட் ஜம்மு காஷ்மீர் பற்றியதாக இருக்கும், அதை வாங்கி ஓட்ட முடியாது. ஹிமாச்சலின் சம்பா ருமால் கைத்தையல் துணியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். சமச்சீர் பாடத்துக்கு அது அருமையாகப் பொருந்தும்.

கலோத்சவம் (பள்ளிக் கலைப்போட்டி விழா) என்ற சொல் வந்த வாரத்திலேயே காதில் விழும். யூபி பிள்ளைகளுக்குப் பள்ளி, சப்ஜில்லா (துணை மாவட்டம்), ரெவென்யூ ஜில்லா (வருவாய் மாவட்டம்) அளவோடு போட்டி முடிந்துவிடும். மாநில மேடை உயர்நிலை, மேல்நிலை மாணவருக்குத்தான். தனிப்போட்டி 3, குழுப்போட்டி 2 என்று ஒரு பிள்ளைக்கு வரம்பு உண்டு. ஏ கிரேடுக்கு 5, பி-க்கு 3, சி-க்கு 1 புள்ளி. நடனத்தில் இறங்கினால் தனிப்பயிற்சி, உடை வாடகை, மேக்கப், பக்க வாத்தியம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். முதல் வருசம் தமிழ்ப் பத்தியம் (செய்யுள்) சொல்லல், பென்சில் ஓவியம் இவற்றில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. காசு செலவில்லை, பிள்ளைக்கு மேடையும் பழகும். ஓணப் பரீட்சைக்குப் பிறகு ஒத்திகை கூடும் என்பதால் டீச்சரிடம் நோட்டு முடிக்கும் தேதியை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கலையையே முதன்மையாக எடுக்க விரும்பும் பிள்ளைக்கு 7-ஆம் வகுப்பு முக்கியமான வருசம். 1930-இல் தொடங்கி, இப்போது செறுதுருத்தியில் இயங்கும் கேரள கலாமண்டலத்தில் 8-ஆம் வகுப்பிலிருந்து கலையும் பள்ளிப் பாடமும் சேர்த்துப் படிக்கலாம். கதகளி, செண்டை, மத்தளம், கூடியாட்டம், துள்ளல் எனப் பிரிவுகள் உண்டு. 2021 முதல் கதகளியில் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். பயிற்சி அதிகாலையிலேயே தொடங்கும், உடல் உழைப்பு கடுமை. ஆகவே விண்ணப்பத்துக்கு முன் பிள்ளையை ஒரு வேலைநாளில் கூட்டிப்போய்க் களரியில் (பயிற்சிக்கூடத்தில்) நடக்கும் பயிற்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். மேடையில் கதகளி பார்த்து ஆசைப்பட்டதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.