பூனைக்குத் தீராத நோய் என்றால்: கவனிப்பும் கடைசி முடிவும்

பூனை மூச்சுக்குத் திணறும் நள்ளிரவில், எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று தேடிக்கொண்டே எடுக்கக் கூடாத முடிவு இது: தீராத நோயில் அவதிப்படும் பூனையை ஊசி போட்டு வலியின்றி வழியனுப்புவதா, எப்போது என்பது. பூனைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறார்கள்; தள்ளிப்போடும் நாட்களில் அவதிப்படுவது பூனை. அதனால் நோய் என்னவென்று தெரிந்த வாரத்திலேயே, அது இன்னும் எழுந்து வந்து காலை உரசும் நிலையில் இருக்கும்போதே, எதையெல்லாம் கவனிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவுசெய்து எழுதி வைத்துவிடுங்கள்.

முதலில் நோயின் பெயர் தெரியட்டும்

"வயசாயிடுச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று தோன்ற வைக்கும் பல நோய்கள் மருந்துக்குக் கட்டுப்படுபவை. நன்றாகச் சாப்பிட்டும் எலும்பும் தோலுமாகும் வயதான பூனைக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு இருக்கலாம். தினசரி மாத்திரையில் அடங்கும். நிறையத் தண்ணீர் குடித்து இளைக்கும் பூனைக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம். இன்சுலின் தொடங்கிய சில பூனைகளுக்குப் பிறகு அதுவே தேவைப்படாமல் போவதும் உண்டு. திடீரென்று கண் தெரியாமல் போனால் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்ஐபி என்ற, வைரஸால் வரும் தொற்றுப் பெரிட்டோனிட்டிஸ் (வயிற்று உறை அழற்சி) முன்பு மரண தண்டனையாகவே இருந்தது. இன்று ஜிஎஸ்-441524, ரெம்டெசிவிர் மருந்துகளால் சுமார் 12 வாரச் சிகிச்சையில் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. பழைய தகவலை நம்பி அந்தப் பூனையை விட்டுவிடக் கூடாது.

சிறுநீரக எண்களில் ஒரு எச்சரிக்கை. உடலில் நீர் வற்றிய நிலையில் எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறியிருந்தால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் டிரிப் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தால்தான், திடீரென வந்த பாதிப்பா, நாள்பட்ட நோயின் கடைசிக் கட்டமா என்பது தெளிவாகும்.

மறுபுறம், வாய்க்குள் வரும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய், பெரிய செல் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும் இதய நோய் ஆகியவற்றில் கிடைக்கும் காலம் பெரும்பாலும் வாரங்கள் அல்லது மாதங்கள். குடலில் வரும் சிறிய செல் லிம்போமா அப்படியல்ல. குளோராம்புசில், பிரெட்னிசோலோன் மாத்திரைகளோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் நன்றாக வாழ்ந்த பூனைகள் பல உண்டு. 'புற்றுநோய்' என்பதோடு நிறுத்தாமல் எந்த வகை என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: சிகிச்சை செய்தால் எவ்வளவு காலம், அந்த நாட்கள் எப்படி இருக்கும்? செய்யாவிட்டால் என்ன வரிசையில் மோசமாகும்? இந்த நோயில் அவசர நிலை எப்படித் தொடங்கும்? உங்கள் பூனையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்வார்கள், கேட்டால் மட்டும். எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடியாத சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதைவிட, முடிந்ததை முழுமையாகச் செய்வது பூனைக்கு நல்லது.

வலி எங்கே தெரியும்

பூனை வலியில் கத்துவது அபூர்வம். ஒளிந்துகொள்ளும், உயரத்தில் ஏறுவதை விட்டுவிடும், முதுகை வளைத்துக் குந்தியபடியே மணிக்கணக்கில் இருக்கும், நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தும். குர்ர்ர் என்ற சத்தத்தை நம்ப வேண்டாம்; கடும் வலியிலும் பூனைகள் அந்தச் சத்தம் எழுப்பும்.

முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட முகவலி அளவுகோல் வீட்டிலேயே பயன்படுத்தக்கூடியது. காது, கண், மூஞ்சி (மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி), மீசை, தலை என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். காது முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் 0, பக்கவாட்டில் படிந்து திரும்பியிருந்தால் 2. கண் நன்றாகத் திறந்திருந்தால் 0, இடுங்கியிருந்தால் 2. மூஞ்சி உருண்டையாகத் தளர்ந்திருந்தால் 0, இறுகி நீள்வட்டமாகியிருந்தால் 2. மீசை தளர்ந்து வளைந்திருந்தால் 0, விறைத்து முன்னோக்கி நீட்டியிருந்தால் 2. தலை தோளுக்கு மேல் இருந்தால் 0, தோளுக்குக் கீழே தொங்கினால் 2. பத்துக்கு 4 வந்துவிட்டால் வலிமருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். தூங்கும்போதோ சாப்பிடும்போதோ நக்கிக்கொண்டிருக்கும்போதோ பார்த்தால் கணக்கு தவறும். விழித்து அமைதியாக இருக்கும்போது தள்ளி நின்று அரை நிமிடம் பாருங்கள்.

வலிக்கு மனிதர்களின் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். அதை உடைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இபுப்ரோஃபனும் ஆபத்துதான். மருத்துவர் தரும் புப்ரனார்ஃபின் என்ற வலிமருந்துச் சொட்டைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விட வேண்டும். வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டிய மருந்து அது. விழுங்கிவிட்டால் பலன் மிகவும் குறைந்துவிடும். வலிக்கும் பதற்றத்துக்கும் தரும் கபாபென்டின் மருந்தைக் கொடுத்தால், சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

நோட்டுப் புத்தகம்

எடையை வாரம் இருமுறை, குழந்தை எடை பார்க்கும் தராசில் பாருங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இழந்தால் அது உடலில் பத்தில் ஒரு பங்கு. உணவை வைக்கும்போதும் எடுக்கும்போதும் எடைபோட்டு எழுதுங்கள். 'கொஞ்சம் சாப்பிட்டது' என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. 4 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையிலேயே தினம் ஏறக்குறைய 200 கலோரி தேவை. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமலே இருந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருப்பது நல்லது. தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அது அவசரம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அத்தோடு, உங்கள் பூனைக்கே உரிய மூன்று நான்கு பழக்கங்களை எழுதுங்கள்: கதவுச் சத்தம் கேட்டு ஓடிவருவது, ஜன்னலில் உட்கார்ந்து காக்கையைப் பார்ப்பது, ராத்திரி காலடியில் வந்து படுப்பது. ஒவ்வொரு இரவும் நாட்காட்டியில் நல்ல நாள், கெட்ட நாள் என்று ஒரு குறி. நினைவை நம்ப முடியாது. ஒரு நல்ல சாயங்காலம் முந்தைய ஐந்து கெட்ட நாட்களை மறக்கடித்துவிடும்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த வாழ்க்கைத் தர அளவுகோலும் உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழுக்கும் 10 வரை மதிப்பெண். 70-க்கு 35-க்கு மேல் வந்தால் பராமரிப்பைத் தொடரலாம். மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மூச்சுவிட முடியாத பூனைக்குச் சுத்தத்தில் கிடைத்த 9 எந்த ஆறுதலும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது

பூனை மலஜலம் கழிக்கும் மண்தட்டின் முன்பக்கச் சுவரை 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், மூட்டுவலிப் பூனை தாண்டுவதற்குச் சிரமப்பட்டுத்தான் தட்டுக்கு வெளியே போய்விடுகிறது. உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும்பும். வாயில் திணிக்காதீர்கள், குமட்டலோடு திணிக்கப்பட்ட உணவைப் பிறகு பூனை என்றைக்குமே தொடாமல் போகலாம். முதலில் குமட்டலுக்கு மாரோபிட்டன்ட், பிறகு பசிக்கு மிர்ட்டாசபின் என்று மருத்துவர்கள் தருவார்கள். கழுத்து வழியாகப் பொருத்தும் உணவுக் குழாய் பார்க்கப் பயமாக இருந்தாலும் பூனைக்குப் பெரிய தொந்தரவு தராது. குணமாகக்கூடிய நோயில் தயங்காமல் சம்மதியுங்கள். குணமாகாத நோயில் அது வாழ்வை நீட்டுகிறதா, சாவை நீட்டுகிறதா என்று யோசியுங்கள். மாத்திரை கொடுத்ததும் சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கொடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளும் மாத்திரை, குறிப்பாக டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், அங்கே புண்ணாக்கிவிடும்.

சிறுநீரக நோயில் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். ரிங்கர் லாக்டேட் (உப்புக் கரைசல்) பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கி, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பாருங்கள். குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, பையைத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, முதுகுக்கு இணையாகக் கூடாரத்தின் அடியில் செலுத்துங்கள். மருத்துவர் சொன்ன அளவு, 4 கிலோ பூனைக்குப் பெரும்பாலும் ஒரு வேளைக்கு 100 மில்லி, ஏறியதும் ஊசியை எடுத்துத் துளையை ஒரு நிமிடம் கிள்ளிப் பிடியுங்கள். ரோமம் நனைந்தால் ஊசி மறுபக்கம் துளைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஊசி; மழுங்கிய ஊசியால்தான் பூனை திமிறுகிறது. திரவம் இறங்கி முன்னங்காலில் தொங்குவது இயல்பு, சில மணி நேரத்தில் வற்றிவிடும். மறுநாளும் வற்றாமல் இருந்தால், அல்லது தூக்க மூச்சு கூடியிருந்தால், அடுத்த வேளையை ஏற்றாமல் மருத்துவரை அழையுங்கள். இதயம் பலவீனமான பூனைக்கு அந்த நீர் நுரையீரலுக்குப் போய்விடும். ஊசியைப் பார்த்தாலே பூனை ஓடி ஒளியும் நிலை தினமும் வந்துவிட்டால், சிகிச்சையை நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கே நிறுத்துவது என்ற எல்லையை எழுதுங்கள்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று நிபந்தனைகள் போதும். உதாரணமாக: மருந்து கொடுத்தும் இரண்டு நாள் சாப்பிடவில்லை, வாரத்தில் நான்கு கெட்ட நாள், தானாக மண்தட்டுக்குப் போக முடியவில்லை. இவற்றில் இரண்டு நடந்தால் மருத்துவரை அழைப்போம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். வாய் திறந்த மூச்சு, பின்னங்கால்கள் திடீரென இழுத்துக்கொண்டு சில்லிட்டுப் போய்க் கதறல் (இதய நோயில் ரத்தக்கட்டி அடைப்பது), நிற்காத வலிப்பு இவை வந்தால் நோட்டைப் பார்க்கக்கூட நேரமில்லை, உடனே கிளம்புங்கள்.

"தானாகப் போகட்டும்" என்று பலர் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்த பூனை வாய்ப்புண்ணோடும் குமட்டலோடும் நாள்கணக்கில் கிடக்கும். இதயம் செயலிழந்த பூனை மூச்சு முட்டிச் சாகும். ஒரு வாரம் முன்னதாக வழியனுப்பியதற்காக வருந்துவதைவிட, ஒரு நாள் தாமதித்ததற்காக வருந்துவது கொடுமையானது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஊசி போடும் நாள்

முன்கூட்டியே கேளுங்கள்: முதலில் மயக்க ஊசி போடுவீர்களா? எந்த மருந்து? நாங்கள் கூட இருக்கலாமா? வீட்டுக்கு வருவீர்களா? பெரும்பாலான இடங்களில் கடைசி மருந்து பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்தின் மிகை அளவு. அது கிடைக்காத இடத்தில், ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகு பொட்டாசியம் குளோரைடு ஏற்றுவது ஏற்கப்பட்ட முறை. மயக்கமே இல்லாமல் அதையோ தசையை முடக்கும் மருந்தையோ நேராகப் போடுவதற்குச் சம்மதிக்காதீர்கள். பூனை முழு நினைவோடு துடிக்கும்.

பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கபாபென்டின் கொடுக்கலாமா என்று கேளுங்கள், பயம் குறையும். படிவம், பணம் எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். மயக்க ஊசி தசையிலோ தோலுக்கடியிலோ போடப்படும், ஒரு சுருக். 5 முதல் 15 நிமிடத்தில் பூனை அசந்துவிடும். சில மருந்துகளில் அதற்கு முன் வாந்தி வரலாம், துண்டு வைத்திருங்கள். அதன் பிறகே நரம்பில் கடைசி மருந்து. பின்னங்காலில் போடச் சொன்னால் நீங்கள் தலையருகே இருக்கலாம். சில விநாடிகளில் நினைவு போகும், ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். நீர்வற்றிய பூனையில் நரம்பு கிடைக்காமல் வயிற்றிலோ சிறுநீரகத்திலோ போட நேரலாம். மயக்கத்தில் இருப்பதால் பூனைக்குத் தெரியாது. வயிற்றில் போட்டால் மட்டும் கூடுதல் நேரமாகும்.

கண் மூடாது. சிறுநீர் வெளியேறலாம், தசை துடிக்கலாம், இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம். அது அனிச்சைச் செயல். பூனை திரும்ப விழித்துவிட்டது என்று அர்த்தமில்லை. முன்பே தெரியாதவர்கள் இதைப் பார்த்துப் பல மாதம் வதைபடுகிறார்கள்.

பிறகு

சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்குள் தூங்கும் நிலையில் சுருட்டி, அடியில் உறிஞ்சும் துணி விரித்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். அடக்கம் செய்வதென்றால் குழி குறைந்தது ஒரு மீட்டர் ஆழம், கிணற்றிலிருந்து தள்ளி. பென்டோபார்பிட்டால் உடலில் தங்கியிருக்கும். தோண்டித் தின்னும் நாயும் செத்துப்போகும். எரியூட்டுவதென்றால் சாம்பல் வேண்டுமா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், பல இடங்களில் உடல்களைச் சேர்த்தே எரிப்பார்கள். குழந்தைகளிடம் இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள். தூங்கப் போய்விட்டது என்றால் தூங்கவே பயப்படுவார்கள்.

மிஞ்சிய புப்ரனார்ஃபினையும் ஊசிகளையும் குப்பையில் போடாமல் மருத்துவமனையில் ஒப்படையுங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால், இறந்தது தொற்றுநோயால் இல்லாத பட்சத்தில், உடலை முகர்ந்து பார்க்க விடலாம். சில நாள் அது தேடும், கத்தும். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் துக்கம் என்று விட்டுவிடாமல் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.